மண்பாதையில் ஓட்டமும் மிதிவண்டியும்

ரப்பர், அன்னாசித் தோட்ட முதலாளியாக விளங்கிய லிம் நீ சூன் அவர்களின் பெயரை மாண்டரின் மொழியில் ஒலித்தால் வருவதே நம் ஈசூன். அன்றைய தோட்டத்துச் செம்மண் தடங்கள் பெரும்பாலும் அடுக்குமாடி வீடுகளாகிவிட்டன. மண்பாதையில் மிதிவண்டி ஓட்ட விரும்புவோர் இன்று சாங்கியில் படகேறிப் புலாவ் ஊபின் செல்கின்றனர். அங்கே பழைய கருங்கல் குவாரியைச் சுற்றி அமைந்த கெத்தாம் மலைமிதிவண்டிப் பூங்கா 2008இல் திறக்கப்பட்டது.

முதலில் ஓட்டம், அடுத்து மிதிவண்டி, மீண்டும் ஓட்டம் என்பதே இரட்டைப் போட்டியின் வழக்கமான முறை. தொடக்கத்திலேயே மூச்சு முட்ட ஓடியவர் இறுதியில் நடந்துதான் வருவார். வண்டியை விட்டு இறங்கியதும் கால்கள் கட்டைபோல் கனக்கும். மிதித்த கால்கள் ஓட்டத்திற்குத் திரும்பச் சற்று நேரமாகும் அன்றோ?

அகன்ற டயரில் காற்றைச் சிறிது குறைத்தால், அது மண்ணில் பரந்து படிந்து, வேர்களையும் கற்களையும் நன்கு பற்றும். மிகக் குறைத்தாலோ உட்குழாய் கல்லில் நசுங்கித் துளைபடும்.

ஏற்றம் களைப்பைத் தரும். இறக்கமே ஆபத்தைத் தரும். 1976இல் கலிபோர்னியா மலையொன்றில் தொடங்கிய பந்தயத்தில், பின்சக்கர பிரேக் சூடேறி, உள்ளிருந்த மசகு புகைந்து தீர்ந்தது. மீண்டும் மசகு அடைக்க நேர்ந்ததால் பந்தயத்திற்கே 'ரீபேக்' என்று பெயர் வந்தது! இருபதே ஆண்டுகளில், 1996இல், இவ்விளையாட்டு ஒலிம்பிக்கில் இடம்பெற்றது.

ஆகவே தலைக்கவசம் அணிந்து, இறக்கத்திற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, இருக்கையிலிருந்து எழுந்து, உடலைப் பின்னே தள்ளி, இரு பிரேக்குகளையும் மெல்லப் பிடித்தல் வேண்டும். முன்பிரேக்கை மட்டும் இறுக்கினால் வண்டி நின்றுவிடும், நாம் நிற்கமாட்டோம்.