வயர்லெஸ் யுத்தம் – 9: எல்லை திறந்தது, மைக் பேசவில்லை

1995 மார்ச் 26 அன்று ஷெங்கன் ஒப்பந்தம் ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் நடைமுறைக்கு வந்தது. எல்லைச் சாவடிகளுக்கு வேலை குறைந்தது. திருடனுக்கும் அதே வசதிதான் என்பதால், துரத்திப் போகும் போலீஸ்காரர் சில நிபந்தனைகளோடு பக்கத்து நாட்டுக்குள் நுழையவும் ஒப்பந்தம் இடம் கொடுத்தது. நுழைந்தவர் அந்த ஊர்ப் போலீஸோடு எப்படிப் பேசுவார்? எல்லையோரப் படைகளுக்குள் நேரடி வயர்லெஸ் தொடர்பு வேண்டும் என்றும் அதே ஒப்பந்தம் சொன்னது. சொன்னதோடு சரி.

அதே 1995-இல் ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனமான எட்ஸி, டெட்ரா என்ற வயர்லெஸ் தரத்தின் முதல் ஆவணங்களை வெளியிட்டது. 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஓர் அலைவரிசையை நேரத் துண்டுகளாக வெட்டி, நான்கு உரையாடல்களை அதில் ஓட்டுகிற முறை இது. யார் வேண்டுமானாலும் கருவி செய்து விற்கலாம். மோட்டோரோலாவும் நோக்கியாவும் இறங்கின. நேட்டோ ராணுவங்களின் பிடியில் இருந்த 380–400 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் காவல், தீயணைப்புப் பணிகளுக்கு இடமும் ஒதுக்கப்பட்டது.

ஆனால் பிரான்ஸ் அதற்கு முன்பே பணத்தைப் போட்டுவிட்டது. கிராமப்புறங்களைக் காவல் காக்கும் ழாந்தார்மெரி படைக்காக மாத்ரா நிறுவனம் ரூபி என்ற டிஜிட்டல் வலையமைப்பைக் கட்டிக்கொண்டிருந்தது. அதிலிருந்து வளர்ந்ததுதான் டெட்ராபோல். இதில் ஓர் அலைவரிசைக்கு ஒரே பேச்சு. ஒரு கோபுரத்தின் வீச்சு அதிகம். ஆள் குறைந்த பரந்த நிலத்துக்கு இது லாபம். நெரிசலான நகரத்துக்கு டெட்ரா லாபம். பொறியாளர்கள் இந்தக் கணக்கைப் பல ஆண்டுகள் விவாதித்தார்கள். என்னைக் கேட்டால், முடிவைத் தீர்மானித்தது இந்தக் கணக்கல்ல. யார் முன்பே செலவு செய்துவிட்டார்கள், தொழிற்சாலை யார் நாட்டில் இருக்கிறது என்பவைதான். எட்ஸியின் தலைமையகம் இருப்பது பிரான்ஸில், நீஸ் நகரத்துக்கு அருகே. அந்த எட்ஸி டெட்ராபோலுக்குத் தன் முத்திரையைத் தரவில்லை. பிரெஞ்சுப் போலீஸ் எட்ஸியின் டெட்ராவைத் தொடவில்லை.

பின்லாந்து, பிரிட்டன், நெதர்லாந்து, பெல்ஜியம், ஸ்வீடன் டெட்ரா பக்கம் போயின. ஸ்பெயின், சுவிட்சர்லாந்து, செக், ஸ்லோவாக்கியா டெட்ராபோலை எடுத்தன. பிரான்ஸுக்கும் பெல்ஜியத்துக்கும் நடுவே சாவடி தளர்ந்த கையோடு, காதுக்குப் புலப்படாத ஒரு வேலி எழுந்தது. இரண்டு நாட்டு நகரப் போலீஸும் ஏறக்குறைய ஒரே அலைக்கற்றைப் பகுதியில்தான் பேசினார்கள். ஆனாலும் ஒருவர் கருவிக்கு மற்றவர் பேச்சு வெறும் இரைச்சல். ஸ்பெயினில் கூத்து இன்னும் பெரிது: மத்திய அரசின் போலீஸ் டெட்ராபோலில், கட்டலோனியா மாநிலப் போலீஸ் டெட்ராவில். பார்சிலோனாவின் ஒரே தெருவில் நிற்கும் இரண்டு காவலர்கள் தம் கருவி வழியாக நேரடியாகப் பேச முடியாது. கட்டுப்பாட்டு அறைகளுக்கு நடுவே தனி இணைப்பு போட்டாக வேண்டும்.

ஜெர்மனி கடைசிவரை இழுத்தடித்தது. 2006 உலகக் கோப்பைக் கால்பந்துக்குள் புது வலையமைப்பு தயாராகும் என்றார்கள். போட்டி பழைய அனலாக் வயர்லெஸ்ஸோடுதான் நடந்தது. டெட்ராதான் என்று முடிவாகி, ஒப்பந்தம் ஈஏடிஎஸ் நிறுவனத்துக்குப் போனது. அது யார்? மாத்ராவின் டெட்ராபோல் தொழில் பல கைமாறிப் போய்ச் சேர்ந்தது அங்கேதான். அதே ஈஏடிஎஸ் 2005-இல் நோக்கியாவின் டெட்ரா தொழிலையும் வாங்கிவிட்டது. பத்து ஆண்டுகள் முட்டிக்கொண்ட இரண்டு தரங்களும் ஒரே கல்லாவுக்கு வந்து சேர்ந்தன. வாங்கிய அரசுகள் மட்டும் பிரிந்தே நின்றன.

ஈஏடிஎஸ்ஸின் இன்றைய பெயர் ஏர்பஸ். டெட்ராபோலுக்குப் பதிலாக 4ஜி, 5ஜி வழியே இயங்கும் புதிய வலையமைப்புக்கு 2022-இல் பிரான்ஸ் கொடுத்த ஒப்பந்தத்திலும் ஏர்பஸ் இருக்கிறது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 2001-இல் நியூயார்க் தீயணைப்பு வீரர் ஒருவரின் அபயக்குரல் புது டிஜிட்டல் கருவியில் கேட்காமல் போக, கருவிகள் அத்தனையும் திரும்பப் பெறப்பட்டன. அந்தக் கதை அடுத்த வாரம்.