பத்துச் சொல்லும் ஓர் இரவும்

போட்டித் தேர்வுக்குப் படிக்கும் வாசகி ஒருவர் கேட்கிறார்: "தினமும் பத்து ஆங்கிலச் சொற்களை நோட்டில் எழுதி மனப்பாடம் செய்கிறேன். அன்று ராத்திரி கேட்டால் பத்தையும் ஒப்பிப்பேன். ஒரு வாரம் கழித்து அதே சொல்லைப் பேப்பரில் பார்த்தால் பொருள் வரமாட்டேன் என்கிறது. ஏன்?"

ராத்திரி ஒப்பிக்க முடிவதும் அந்தச் சொல் நம்முடையதாவதும் மூளைக்கு வேறுவேறு வேலைகள். இதைக் காட்டிய சோதனை ஒன்று உண்டு. எனக்குத் தெரிந்த சோதனைகளில் இவ்வளவு அழகானவை குறைவு.

ஒரு சொல் காதில் விழும்போது அது முடியும்வரை மூளை காத்திருப்பதில்லை. முதல் அசை கேட்டதுமே அப்படித் தொடங்கும் சொற்கள் எல்லாம் முண்டியடித்து முன்னால் வருகின்றன. அடுத்த ஒலிகள் வர வர ஒவ்வொன்றாக விலகி, கடைசியில் ஒன்று மிஞ்சுகிறது. போட்டிக்கு ஆள் கூடினால் முடிவு தெரியத் தாமதமாகும். நிக்கோலா துமே, கேரத் காஸ்கெல் என்ற இரு உளவியலாளர்கள் இந்தத் தாமதத்தையே அளவுகோலாக்கினார்கள். 'கத்தீட்ரல்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நெருங்கிய போட்டி கிடையாது. அதனால் அதற்குப் போட்டியாகக் 'கத்தீட்ரூக்' என்று இல்லாத சொல் ஒன்றை உருவாக்கினார்கள். இப்படிப் பல சொற்களைக் கற்பித்துவிட்டு, பழைய சொல் காதில் விழும்போது எவ்வளவு தாமதம் ஏற்படுகிறது என்று அளந்தார்கள்.

முடிவுகள் 2007இல் வெளியாயின. கற்ற உடனே எல்லாருக்கும் புதுச் சொல் தெரிந்திருந்தது. கத்தீட்ரலோ கொஞ்சமும் அசையவில்லை. காலை எட்டு மணிக்குக் கற்றவர்களிடம் இரவு எட்டு மணிக்கும் அதே நிலைதான். இரவு எட்டுக்குக் கற்றுத் தூங்கி எழுந்தவர்களிடம் மட்டும், காலையில் பழைய சொல் தடுமாறியது. இருவருக்கும் இடைவெளி அதே பன்னிரண்டு மணி நேரம். காலைக் குழுவும் ஓர் இரவு தூங்கி வந்த பிறகு அதே தடுமாற்றத்தைக் காட்டியது.

டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கட்டில் தொங்குபவரும் பஸ்ஸில்தான் வருகிறார், ஆனால் உள்ளே உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவரால் எந்தச் சிரமமும் இல்லை. அவர் உள்ளே நுழைந்து மூவர் சீட்டில் நான்காவதாக உட்காரும்போதுதான் மற்ற மூவரும் ஒடுங்குகிறார்கள், முணுமுணுக்கிறார்கள். கத்தீட்ரலின் தாமதம் அந்த முணுமுணுப்பு. படிக்கட்டு, மூளையின் ஹிப்போகாம்பஸ்: ஓடிவந்து தொற்றிக்கொள்ளலாம், நெடுநேரம் நிற்க முடியாது. சீட்டுகள் இருப்பது பெருமூளைப் புறணியில். பஸ் ஓடும்போது ஆட்களை இடம் மாற்றி உட்காரவைப்பது கடினம். ராத்திரி டிப்போவில் நிற்கும்போது கண்டக்டர் அன்றைய டிக்கெட்டுகளைத் திரும்பப் பார்ப்பதுபோல, ஆழ்ந்த உறக்கத்தில் ஹிப்போகாம்பஸ் பகலில் பதிந்ததை மறுபடி ஓட்டுகிறது. புறணி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கிக்கொள்கிறது. ஒரே நிறுத்தத்தில் ஒரே சாயலில் பத்துப் பேர் ஏறினால் கண்டக்டர் குழம்புவார். ஒரே வகைப் பொருளுள்ள சொற்களை மொத்தமாகப் படிப்பது கற்பதைத் தாமதப்படுத்தும் என்று சில ஆய்வுகளும் சொல்கின்றன. வழிகாட்டிப் புத்தகங்களோ அப்படித்தான் பட்டியல் போடுகின்றன.

இதை வைத்துக்கொண்டு 'தூங்கிக்கொண்டே ஆங்கிலம்' என்று ஒலிப்பதிவு விற்பவர்களை நம்ப வேண்டாம். தூக்கம் பகலில் ஏறியவரைத்தான் உட்காரவைக்கிறது. தூக்கம் ஒன்றே வழி என்றும் சொல்லிவிட முடியாது; பயிற்சியை இடைவெளி விட்டுக் கொடுத்தபோது, தூங்காமலே, அன்றைக்கே அந்தப் போட்டி தெரிந்த சோதனையும் உண்டு. கத்தீட்ரூக் சோதனையில் கலந்துகொண்டவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

  

வாசகியின் கேள்விக்கு நேரடியாக உதவுவது 2008இல் கார்ப்பிக், ரோடிகர் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு. அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் 40 சுவாஹிலிச் சொற்களைப் பொருளோடு படித்தார்கள். ஒரு முறை சரியாகச் சொன்ன பிறகும் சிலருக்குத் திரும்பத் திரும்பத் தேர்வு வைக்கப்பட்டது. சிலர் திரும்பத் திரும்பப் படிக்க மட்டும் செய்தார்கள். ஒரு வாரம் கழித்து முதல் வகையினருக்கு ஏறத்தாழ 80 சதவீதம் நினைவிருந்தது, மற்றவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குதான். கூடுதலாகப் படித்ததால் பலன் ஏதும் தெரியவில்லை.

ஆகவே புதிய பத்தை எழுதுவதற்கு முன், நேற்றைய சொற்களின் பொருளைக் கையால் மறைத்துக்கொண்டு சொல்லிப் பாருங்கள். போன வாரத்தவற்றையும் அப்படியே. வராவிட்டாலும் உடனே கையை எடுக்காமல் சில நொடி தேடுங்கள். அதற்கு நேரம் போதாவிட்டால், புதிதாகச் சேர்ப்பதைப் பத்திலிருந்து நான்காகக் குறைத்துக்கொள்ளலாம்.