மண் இல்லாத புல்வெளி

30 கிலோ எடையுள்ள ஒரு லாப்ரடார் நாளொன்றுக்கு 600 மி.லி.யிலிருந்து 1.2 லிட்டர் வரை சிறுநீர் கழிக்கும். உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 40 மி.லி. என்பது கால்நடை மருத்துவர்களின் கணக்கு. மாதத்துக்குக் கூட்டினால் 18 முதல் 36 லிட்டர்; தண்ணீர் கேன் ஒன்றில் தொடங்கி இரண்டை நெருங்குகிறது. பாதி தெருவில் போய்விட்டாலும், மீதிப் பாதி அடுக்குமாடி வீட்டின் பால்கனியில் விரித்த செயற்கைப் புல்லின் மேல் விழுகிறது.

வெட்ட வேண்டாம், தண்ணீர் விட வேண்டாம், பராமரிப்பே வேண்டாம் என்று சொல்லித்தான் அந்தப் பாயை விற்கிறார்கள். நாய் இருக்கிற வீட்டில், வெட்ட வேண்டாம் என்பது மட்டும் உண்மை.

இந்தப் புல் புகழ்பெற்றது ஒரு விளையாட்டரங்கில். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் 1965-இல் திறந்த ஆஸ்ட்ரோடோம், கூரை போட்ட பேஸ்பால் அரங்கம். ஒளிபுகும் கூரைப் பலகைகளின் கண்கூச்சத்தில் உயரே வரும் பந்து தெரியவில்லை என்று ஆட்டக்காரர்கள் புலம்ப, பலகைகளுக்குப் பெயின்ட் அடித்தார்கள். வெளிச்சம் போனது, புல்லும் செத்தது. மறு ஆண்டே மான்சான்டோ நிறுவனத்தின் நைலான் புல்லை விரித்தார்கள். ஆஸ்ட்ரோடர்ஃப் என்ற பெயர் அதற்கு அங்கே வந்ததுதான். ஆக, வெயிலும் மழையும் நாயும் எட்டிப் பார்க்காத இடத்தில் புகழ்பெற்ற சரக்கு இது. இன்றைய பாய்களில் இழை பெரும்பாலும் பாலிஎத்திலீன். அடியில் லேட்டக்ஸோ பாலியூரித்தேனோ பூசி, நீர் வடியத் துளையிட்டிருப்பார்கள்.

சிறுநீரில் உள்ள யூரியாவுக்குப் பெரிதாக வாடை கிடையாது. யூரியேஸ் என்ற நொதியை உண்டாக்கும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் அமோனியா பிறக்கிறது. ஒரு யூரியா மூலக்கூறுக்கு இரண்டு அமோனியா. மண்தரையாக இருந்தால் வேலை அதோடு நிற்காது. நைட்ரோசோமோனாஸ் போன்ற பாக்டீரியாக்கள் அமோனியாவை நைட்ரைட்டாக்கும், இன்னொரு கூட்டம் அதை நைட்ரேட்டாக்கும், புல்வேர் அதை உரமாக உறிஞ்சிக்கொள்ளும். (தினமும் ஒரே இடத்தில் பெய்தால் நிஜப் புல்லும் கருகிவிடும், மண்ணுக்கும் ஓர் அளவு உண்டு.) பிளாஸ்டிக் இழைக்கு அடியில் அந்த மண்ணும் இல்லை, வேரும் இல்லை. அமோனியா தேங்குகிறது, சூடு ஏற ஏற வாயுவாகக் கிளம்புகிறது. மேலோட்டமாகக் கழுவிய பால்கனி மதியம் இரண்டு மணிக்கு மூக்கைத் துளைப்பது இப்படித்தான்.

மண் செய்த வேலையில் ஒரு பங்கை ஜியோலைட் செய்யும். நுண்துளைகள் நிறைந்த இந்தக் கனிமம், தன்னிடமுள்ள சோடியம் போன்ற அயனிகளை விட்டுவிட்டு அமோனிய அயனியைப் பிடித்துக்கொள்ளும். இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது பழகிய பெயர். குளத்து அமோனியாவைக் குறைக்க அதைத்தான் போடுகிறார்கள். ஆனால் உப்புநீரில் சோடியம் போட்டிக்கு வந்து நிற்பதால், அங்கே அதன் பிடி தளர்ந்துதான் இருக்கும். இறாலுக்குக் குறையாக இருப்பது நாய்க்காரருக்கு வசதி. புல்லின் இழைகளுக்கிடையே தூவிய ஜியோலைட் நிறைந்துபோனால், உப்புக் கரைசலை ஊற்றி அமோனியத்தை வெளியேற்றி, நல்ல தண்ணீரில் அலசி மறுபடி பயன்படுத்தலாம். அந்த நீரைத் தொட்டிச் செடிக்கு விடக் கூடாது.

நாற்றம் என்றதும் பலர் பிளீச்சிங் பவுடரைத் தேடுகிறார்கள். இது ஆபத்து. அமோனியாவும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரமின் வாயு வரும். மூச்சுக்குழாயை எரிக்கும், தரைக்குப் பக்கத்திலேயே மூக்கை வைத்திருக்கும் நாயை முதலில். நீர்த்த வினிகர் அமோனியாவை வாயுவாக விடாமல் கொஞ்சம் கட்டிப்போடும். அதன் பிறகு நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். வினிகரையும் பிளீச்சையும் கலந்தால் குளோரினே வரும்.

ஊற்றிய நீர் போவதற்கு வழி வேண்டுமே. மேஸ்திரிகள் வாட்டம் என்பார்கள்: 10 அடிக்கு ஓர் அங்குலத்துக்குக் குறையாத சரிவு, அது போய்ச் சேரும் இடத்தில் அடைப்பில்லாத நானி ட்ராப் என்ற தரை வடிகால். வாட்டமில்லாத தரையில் பாயைப் பசை போட்டு ஒட்டிவிட்டால், அடியில் தேங்கும் நீர் ஒருநாள் கீழ்வீட்டுக்காரரின் கூரையில் கறையாகத் தெரியும். எலி நடமாட்டம் உள்ள இடத்தில் கவலை இன்னும் பெரிது. எலிச் சிறுநீர் வழியே பரவும் லெப்டோஸ்பைரா கிருமி, வெயிலில் காய்ந்தால் செத்துவிடும், ஈரத்தில் பிழைத்துக்கிடக்கும். ஒட்டாமல் விரித்து, அவ்வப்போது தூக்கிக் காயவைக்கிற பாய்தான் உத்தமம்.

மொட்டைமாடி முழுவதும் விரிக்க நினைப்பவர்கள் யூட்டா மாநிலத்தின் பிரிகம் யங் பல்கலைக்கழகம் 2002-இல் எடுத்த அளவுகளைப் பார்க்கலாம். காற்றின் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில் அங்குள்ள செயற்கைப் புல் மைதானத்தின் மேற்பரப்பு 93 டிகிரியைத் தொட்டது. 79 டிகிரியில் இருந்தபோது தண்ணீர் பாய்ச்சியதும் 29-க்கு இறங்கியது. ஐந்தே நிமிடத்தில் 49, இருபது நிமிடத்தில் 73. அது ரப்பர் துகள் நிரப்பிய விளையாட்டு மைதானம் என்பதால், மாடிப் பாய் அந்த அளவுக்குப் போகாமல் இருக்கலாம். ஆனால் நிஜப் புல் இலைவழியே நீரை ஆவியாக்கித் தன்னைக் குளிர்வித்துக்கொள்ளும். பிளாஸ்டிக்குக்கு அந்த வித்தை தெரியாது. 2003 மே மாதத்தில் 45 டிகிரி கண்ட சென்னையில், உள்ளங்கால் வெந்துபோவதற்கு 93 தேவையுமில்லை. புறங்கையை ஏழு நொடி வைத்துப் பார்த்துத் தாங்கவில்லையென்றால் நாயை விடக் கூடாது. நிழல் விழும் பால்கனியில் ஒரு சிறு புல் தட்டு, மொட்டைமாடி முழுக்கப் பச்சையைவிட மேல்.

இத்தனைக்கும் பிறகு ஏன் வாங்குகிறார்கள்? நாய்க்குப் பிடித்திருக்கிறது. குட்டிகள் பிறந்த சில வாரங்களிலேயே எந்தத் தரையில் போவது என்று பழகிவிடும். பாதத்தின் உணர்வும் முந்தைய வாடையும்தான் அடையாளம். அதனால் முதல் சில நாள் பயிற்றுநர்கள் வாடையை முழுதாகக் கழுவவிடமாட்டார்கள். பழக்கம் படிந்த நாய்க்குப் பச்சையும் சொரசொரப்புமாக எது கிடைத்தாலும் கழிப்பறைதான்: எதிர்வீட்டு வாசலில் கிடக்கும் பிளாஸ்டிக் புல் மிதியடி, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து இளைஞர்கள் கால்பந்து ஆடும் டர்ஃப் உட்பட.