பேச்சு பாட்டாகும் இடம்

ஆடித்தபசுக் காலத்தில் சங்கரன்கோவிலுக்கு வருகிற வெளியூர்க்காரர் எவரும், சங்கன், பதுமன் என்ற இரண்டு நாகராஜர்களின் வழக்கைக் கேளாமல் ஊர் திரும்புவதில்லை. ஒருவன் சிவபக்தன், மற்றவன் விஷ்ணுபக்தன்; தத்தம் தெய்வமே பெரிதென்று ஓயாமல் வாதாடிக் கடைசியில் அம்பிகையிடம் முறையிட, கோமதியம்மன் புன்னை வனத்தில் ஒற்றைக் காலில் நின்று தவம் புரிந்து, பாதி ஹரனும் பாதி ஹரியுமாக ஒரே திருமேனியில் இறைவனைக் காட்டுவித்தாள் என்பது ஸ்தல புராணம். நாகராஜர்களின் வழக்கு அத்தோடு தீர்ந்தது. ஆனால் இரண்டாம் ஆட்டம் விட்டபின், அன்றைய வியாபாரத்தின் வாசனை இன்னும் அடங்காத பூக்கடைகளுக்கு அருகே ஒரு டீக்கடையில் சற்று நின்றால், அதே உக்கிரத்தோடு நடக்கும் வேறொரு வழக்கைக் கேட்கலாம். சினிமாவுக்குப் பாட்டு வேண்டுமா, வேண்டாமா என்பது அது.

நான் சாட்சியாக நின்ற இரவில், வாதி விசைத்தறி வைத்திருக்கும் ஓர் இளைஞர். பிரதிவாதி பூ வியாபாரத்திலேயே தலை நரைத்த ஒரு பெரியவர்.

"கதை நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு அண்ணாச்சி. அருவாளோட அவனுவ தொரத்திக்கிட்டு வாரானுவ. இவன் என்னன்னா அவளைக் கூட்டிக்கிட்டுப் பனிமலையில போய் ஆடுதான். யாராவது உசுரு போற நேரத்துல பாடுவானா?"

"பாட்டு இல்லாத படத்துக்கு எதுக்குவே காசு குடுத்துப் போவணும்? கோர்ட்டு வாசல்ல போய் நின்னா சும்மாவே பாக்கலாமே."

இதில் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. பாட்டு வேண்டாம் என்று வாதாடிய அந்த இளைஞருடைய தறிக்கூடத்தில், தறிகளின் இரைச்சலையும் மீறிக் கேட்கும்படி, காலை முதல் இரவு வரை சினிமாப் பாட்டுத்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஆகவே அவருக்கு சங்கீதத்தின்மேல் துவேஷம் இருக்கிறதென்று சொல்ல இயலாது. சங்கீதத்தில் இன்பமே காணாத மனிதர்களும் உலகில் இருக்கிறார்கள் என்பது வாஸ்தவமே. பார்சிலோனாவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2014இல் அத்தகையோரைப் பரிசோதித்து, காசு கிடைத்தால் எல்லோரையும் போல மகிழ்கிற அவர்கள் இசையைக் கேட்டால் மட்டும் மரம்போல் இருப்பதாகக் கண்டார்கள். ஆனால் அவர்கள் சொற்பத்திலும் சொற்பம். கொட்டகையில் பாட்டு வந்ததும் முகம் சுளிக்கிறவர்களில் பெரும்பாலோர், வெளியே வந்ததும் அதே பாட்டைப் பஸ்ஸில் கேட்டுக்கொண்டே ஊர்போய்ச் சேருகிறவர்கள். அவர்களை உறுத்துவது பாட்டு என்ற வஸ்துவன்று என்றும், பேச்சு நின்று பாட்டுத் தொடங்குகிற அந்த ஒரு க்ஷணமே என்றும் நான் நினைக்கிறேன்.

சங்கரநாராயணர் சந்நிதியில் இதற்கு ஓர் உவமை கிடைக்கிறது. திருமேனியின் வலப்பாதியில் ஜடையும் மழுவும் புலித்தோலும். இடப்பாதியில் கிரீடமும் சங்கும் பீதாம்பரமும். பிறந்தது முதல் இந்தச் சந்நிதியில் கைகூப்பி வளர்ந்த ஓர் ஊர்க்காரருக்கு அங்கே தெரிவது ஒரே சுவாமி. முதன்முறையாக வந்த ஒருவருக்கோ, ஜடை முடிந்து கிரீடம் தொடங்குகிற மூட்டுவாய்தான் கண்ணில் படுகிறது. அதைக் கண்டபின் வேறொன்றும் அவர் கண்ணுக்குப் படுவதில்லை. இசைப் படத்தை ரசிப்பவர் மூட்டுவாயைக் காணாதவர். வெறுப்பவர் அதை மட்டுமே காண்பவர்.

தமிழ் சினிமாவில் இந்த மூட்டுவாய் எப்படி உண்டாயிற்று என்று அறிய, சினிமாவுக்கு முந்தைய மேடைக்குப் போகவேண்டும். சங்கரதாஸ் சுவாமிகளின் சம்பிரதாயத்தில் வந்த ஸ்பெஷல் நாடகங்களை விடிய விடியப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே பாட்டு கதையை நிறுத்துவதில்லை என்பது. வள்ளித் திருமணத்தில் நாரதரும் வள்ளியும் நள்ளிரவுக்குமேல் தர்க்கம் செய்வார்கள். அவர் ஒரு பாட்டால் மடக்க, அவள் மறுபாட்டால் திருப்ப, பக்கத்தில் ஹார்மோனியக்காரர் இருவரையும் உசுப்பிவிட, அந்தத் தர்க்கமே அன்றைய நாடகம். மேலும், வள்ளி கடைசியில் முருகனைத்தான் மணக்கப்போகிறாள் என்பது கூட்டத்தில் உறங்குகிற குழந்தைக்குக்கூடத் தெரியும். அடுத்து என்ன நடக்கும் என்ற கேள்வி அங்கே எவருக்கும் இல்லை. நடப்பதை எவ்வளவு நேரம், எவ்வளவு ஆழமாக அனுபவிக்கலாம் என்பதற்காகவே கூட்டம் கூடுகிறது.

இந்த மேடை அப்படியே திரைக்குப் பெயர்ந்தது. 1931இல் வந்த முதல் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' ஏறத்தாழ ஐம்பது பாட்டுகளைக் கொண்டிருந்ததாகச் சொல்வார்கள், 1934இல் எம்.கே. தியாகராஜ பாகவதர் முதன்முதல் நடித்த 'பவளக்கொடி'யும் அதே கணக்கு. 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. அந்தப் படங்களுக்குப் போனவர்களைப் பார்த்து, நடுவில் ஏன் பாடுகிறார்கள் என்று கேட்டிருந்தால், பாகவதர் நடுவில் ஏன் பேசுகிறார் என்று அவர்கள் திருப்பிக் கேட்டிருப்பார்கள்.

இனி, உயிர் போகிற நேரத்தில் யார் பாடுவார் என்ற இளைஞரின் கேள்விக்கு வருவோம். அது வலுவான ஆட்சேபம். மேல்நாடுகளிலும் இசைப் படங்களை வெறுப்பவர்கள் முதலில் சொல்வது இதைத்தான். ஆனால் இந்தக் கரிசல் சீமையில் நின்றுகொண்டு அதைச் சொல்வதற்குச் சற்றுத் துணிச்சல் வேண்டும். ஒரு துஷ்டி வீட்டை நினைத்துப் பாருங்கள். கணவனை இழந்தவளிடம், அசலூரிலிருந்து வந்த உறவுக்காரி ஒருத்தி, எப்போது போனார், எப்படிப் போனார் என்று கேட்டுக்கொண்டே கழுத்தைக் கட்டிக்கொள்கிறாள். இவள் பதில் சொல்லத் தொடங்குகிறாள். முதல் வாக்கியம் பேச்சு. இரண்டாவது வாக்கியத்தில் சொற்களின் கடைசி எழுத்துகள் நீளுகின்றன. மூன்றாவதில் எதுகை தானாக வந்து விழுகிறது. நான்காவதை எடுப்பதற்குள் சுற்றியிருக்கும் பெண்கள் அனைவரும் ஒரே தாளத்தில் மாரில் அடித்துக்கொண்டு அவளோடு சேர்ந்துவிடுகிறார்கள். பேச்சு எந்த இடத்தில் ஒப்பாரியாயிற்று என்று எந்த சாஸ்திரக்காரரும் கோடு கிழித்துக் காட்ட முடியாது. உயிர் போகிற நேரத்தில் அல்லவென்றாலும், போன மறுகணமே இங்கே பாடியிருக்கிறார்கள். தொட்டிலருகிலும் பாடியிருக்கிறார்கள், நாற்று நடுகையிலும் பாடியிருக்கிறார்கள். இவ்வூருக்கு அருகிலுள்ள சென்னிகுளத்தில் 1865இல் பிறந்து இருபத்தாறு வயதுக்குள் மறைந்த அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்து, கழுகுமலைக்குக் காவடி எடுத்துச் செல்லும் கால்களின் நடைக்கென்றே பிறந்த பாட்டு. பாட்டு வாழ்க்கைக்குப் புறம்பானது என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதியது.

இதை அந்த இளைஞரிடம் சொன்னேன். அவருடைய ஆச்சி இறந்தபோது அத்தைமார்கள் விடிய விடிய ஒப்பாரி வைத்ததை நினைவூட்டினேன். "அது வேற அண்ணாச்சி. அது நெசம்லா?" என்றார். அந்தப் பதில் என்னைச் சிந்திக்க வைத்தது. ஒப்பாரியை அவர் பாட்டாகவே கருதவில்லை. மூட்டுவாய் தெரியாதபோது பாட்டும் பேச்சைப் போலவே நிஜமாகிவிடுகிறது.

சினிமா இந்த மூட்டுவாயை வரவர அகலப்படுத்திக்கொண்டே போயிற்று என்பதையும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மேடையில் பேசுகிறவனே பாடினான். அதே குரல், அதே உடை, அதே இடம். 1938இல் ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் 'நந்தகுமார்' படத்தில் பின்னணிக் குரல் புகுந்தது; 1945இன் 'ஸ்ரீவள்ளி'யில் வள்ளியாக நடித்த ருக்மிணிக்குப் பெரியநாயகி பாடினார். அதன்பின் பேசும் வாய் ஒருவருடையது, பாடும் தொண்டை மற்றொருவருடையது என்பது வழக்கமாயிற்று. எம்.ஜி.ஆருக்கும் சிவாஜிக்கும் டி.எம். சௌந்தரராஜன் ஒருவரே பாடி, இருவருக்கும் இருவேறு குரல் உண்டென்று கேட்பவரை நம்பவைத்தது அந்த விரிசலை மூடிய பெரும் சாமர்த்தியம். பிறகு உடை மாறியது, ஊர் மாறியது, சங்கரன்கோவில் வெயிலில் பஸ்ஸுக்கு நின்ற கதாநாயகி அடுத்த கணம் பனிமலையில் மெல்லிய சேலையோடு நிற்கலானாள். இவ்வளவையும் ஒரே தாவலில் தாண்டு என்று ரசிகனைப் பணித்தால், சிலர் தாண்டுகிறார்கள். சிலர் எழுந்து டீ குடிக்கப் போகிறார்கள்.

அதைவிட முக்கியமான காரணம், கதைகளே மாறியது. புராணக் கதை எல்லோருக்கும் தெரிந்தது. துப்பறியும் கதையோ எவருக்கும் தெரியாதிருந்தால்தான் கதை. தெரிந்த கதையில் பாட்டு ஆழம் தருகிறது; தெரியாத கதையில் அதுவே வழிமறிக்கிறது. இதை முதலில் உணர்ந்து துணிந்தவர் எஸ். பாலசந்தர். 1954 ஏப்ரலில் அவருடைய இயக்கத்தில் ஏவி.எம். வெளியிட்ட 'அந்த நாள்', சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய காலத்தைப் பின்னணியாகக் கொண்டு, சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு ரேடியோ என்ஜினீயரைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் விசாரணைக் கதை. சிவாஜி கணேசன் இருந்தார், பண்டரிபாய் இருந்தார். பாட்டு ஒன்றுகூட இல்லை. இதைச் செய்தவர் சங்கீதம் அறியாதவரும் அல்லர், வீணையில் மகா வித்வான் என்று பிற்பாடு உலகமே கொண்டாடியவர். சங்கீதத்தின் மதிப்பை அறிந்தவருக்குத்தான் அதை எங்கே வைக்கக்கூடாது என்பதும் தெரிந்திருக்கிறது. விமர்சகர்கள் புகழ்ந்தார்கள், அரசின் தகுதிச் சான்றிதழும் கிடைத்தது. வசூல் மட்டும் கிடைக்கவில்லை. பாட்டுப் புத்தகம் வாங்கவென்று சட்டைப்பையில் தனியாகச் சில்லறை வைத்துக்கொண்டு கொட்டகைக்கு வந்த கூட்டம் அது. பாட்டே இல்லையென்றால் என்ன செய்யும்? 1988இல் பாலு மகேந்திரா எடுத்த 'வீடு' படத்திலும் பாட்டு இல்லை. பின்னணி இசை, பாட்டுக்கே பெயர்போன இளையராஜாவுடையது.

நமக்கு மட்டும் ஏற்பட்ட சங்கடம் என்று இதை எண்ணவேண்டாம். 1927இல் 'ஜாஸ் ஸிங்கர்' வந்தபின் ஹாலிவுட் பாட்டுப் படங்களை வெள்ளமாய்க் கொட்டியதில் திகட்டிப்போன அமெரிக்கர்களுக்கு, 1930 வாக்கில், 'இது பாட்டுப் படமன்று' என்று விளம்பரம் செய்யவேண்டியிருந்தது. அண்மையில், 2023இன் 'வோங்கா', 2024இன் 'மீன் கேர்ள்ஸ்' ஆகிய இசைப் படங்களின் முன்னோட்டங்களில் பாத்திரங்கள் பாடுவதையே மறைத்துவிட்டார்கள். சரக்கை மறைத்துச் சரக்கு விற்பது வியாபாரத்தில் புது வித்தைதான். இவற்றையெல்லாம்விட எனக்குப் பிடித்தது, ழாக் தெமி 1964இல் எடுத்த 'செர்பூர்க்கின் குடைகள்' என்ற பிரெஞ்சுப் படம். அதில் மூட்டுவாயே கிடையாது. மோட்டார் பட்டறைப் பேச்சுமுதல் எல்லாமே பாட்டு. அந்தப் பட்டறையில் ஒரு தொழிலாளி, பாடிக்கொண்டே கதை நடத்துகிறவர்களைத் தன்னால் தாங்க முடியாது, தனக்கு சினிமாவே மேல் என்கிறார். அதையும் பாடித்தான் சொல்கிறார். நம் தறிக்காரர் அங்கேயும் இருக்கிறார்!

பழக்கத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. ஒரு பொருளைத் திரும்பத் திரும்பக் காண்பதாலேயே அதன்மேல் பிரியம் வளர்கிறது என்பதை அமெரிக்க மனோதத்துவ அறிஞர் ராபர்ட் ஸையன்ஸ் 1968இல் பரிசோதனைகளால் காட்டினார். நம் ஊரில் படத்துக்கு முன்பே பாட்டு வந்துவிடுகிறது. இசைத்தட்டு, இலங்கை வானொலி, கேசட், கைபேசி என்று வாகனம் மாறியதே தவிர வழக்கம் மாறவில்லை. கல்யாண வீட்டு ஒலிபெருக்கியில் நூறு தடவை கேட்ட பாட்டைத் திரையில் காணப்போகிறவன், பழைய சிநேகிதனைச் சந்திக்கப் போகிறான்; கேளாமல் போகிறவனுக்கு அது வழியில் குறுக்கிட்ட அந்நியன்.

இன்றைய இயக்குநர்கள் சமரசமாக ஒரு வழி கண்டிருக்கிறார்கள். பாட்டு பின்னால் ஒலிக்கிறது, பாத்திரங்கள் வாயசைப்பதில்லை, பஸ்ஸில் போகிறார்கள், சமைக்கிறார்கள், பிரிகிறார்கள், நாட்கள் கழிகின்றன. 2019இல் வந்த 'கைதி' தனக்கென்று புதுப்பாட்டே இல்லாமல், 'அந்த நாள்' காணாத வசூலைக் கண்டது. தறிக்காரருக்கு இந்த ஏற்பாடு மெத்தத் திருப்தி; பின்னணிப் பாட்டு வருகையில் அவர் இருக்கையைவிட்டு அசைவதில்லையாம்.

பூக்கடைப் பெரியவர்தான் இப்போதெல்லாம் எழுந்து போகிறார். "அவனும் பாடல, அவளும் பாடல. வாயை மூடிக்கிட்டு ரெண்டு பேரும் நடந்து போறாவ. அப்ப யாருதான்வே பாடுதா?" என்று கேட்டுவிட்டு, இரண்டாவது டீக்குச் சொன்னார்.