காட்டில் வளர்ந்த சிறுவன்

தனி மனிதர் பலர் கூடியதே சமுதாயம் என்பதை யாவரும் அறிவர். அச்சமுதாயமே மனிதனை மனிதனாக ஆக்குகிறது என்பதையோ நாம் எளிதில் எண்ணிப் பார்ப்பதில்லை.

1800ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில், பிரான்சு நாட்டின் தென்பகுதியிலுள்ள அவேரோனில், 12 வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் காட்டினின்று வந்து அகப்பட்டான். அவன் பேச அறியான், ஆடையை வெறுத்தான், கடுங்குளிரும் அவனை வருத்தவில்லை. பாரிசு நகரில் இத்தார் என்னும் மருத்துவர் அவனுக்கு விக்தோர் எனப் பெயரிட்டு, ஏறத்தாழ 5 ஆண்டுகள் அரிதின் முயன்று கற்பித்தார். எழுதிய சொற்கள் சிலவற்றை அவன் அறிந்துகொண்டான். பேச்சு மட்டும் கைகூடவில்லை. அவன் பிறவியிலேயே அறிவுக்குறை உடையவன் என்று கருதிய அறிஞரும் உளர். ஆதலின், அவன் ஒருவனைக் கொண்டே முடிவு கூறுதல் பொருந்தாது.

எனினும், மொழி வாராத அவனுக்கும் மனிதரோடு கூடி வாழ்ந்ததனால் ஒன்று வாய்த்தது. கெரேன் அம்மையார் என்பவர் அவனைத் தாய்போல் பேணி வந்தார். உணவு மேசையில் தட்டுகளை வைப்பது விக்தோரின் பணி. அம்மையாரின் கணவர் இறந்த அன்றும், அவன் வழக்கம்போல் அவருக்குரிய தட்டை வைத்தான். அதனைக் கண்ட அம்மையார் அழுதார். தன் செயலே அவரை வருத்தியது என உணர்ந்த விக்தோர், வாடிய முகத்துடன் அத்தட்டை எடுத்து அலமாரியில் வைத்தான். அதன் பின்னர் ஒருநாளும் அவன் அதனை மேசைக்குக் கொண்டுவரவில்லை.