கன்டெய்னர் லாரியும் இரண்டு வரைபடங்களும்

ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் என நீளும் வட சென்னைக் கடற்கரையின் தென்முனையில் சென்னைத் துறைமுகம் இருக்கிறது. வடமுனையில் 2001 முதல் இயங்கிவரும் காமராஜர் துறைமுகமும், அதையொட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகமும் உள்ளன. இடையில் மணலியின் தொழிற்சாலைகள். இவற்றை இணைக்கும் சாலைகளில் கன்டெய்னர் லாரிகள் இரவு பகலாக ஓடுகின்றன. அதே சாலைகளில்தான் மீன் வாங்கிவரும் பெண்களும், சைக்கிளில் பள்ளி செல்லும் பிள்ளைகளும், வேலைக்கு விரையும் இருசக்கர வாகன ஓட்டிகளும் செல்கிறார்கள். விபத்து நேரும்போதெல்லாம் 'அதிவேகமே காரணம்' என்று எழுதி முடித்துவிடுகிறோம். வேகம் சற்றே கூடினால் ஆபத்து எவ்வளவு கூடும் என்று கேட்பதில்லை. அதற்கான விடை நம் பிள்ளைகளின் இயற்பியல் பாடநூலிலேயே இருக்கிறது.

இப்பகுதியில் பல ஆண்டுகள் இயற்பியல் கற்பித்தவன் நான். 'சீரான முடுக்கத்தோடு செல்லும் பொருளின் இயக்க ஆற்றலுக்கு வரைபடம் வரைக' என்று கேட்டால், பெரும்பாலான மாணவர்கள் மேல்நோக்கி வளையும் பரவளையத்தை வரைந்துவிடுவார்கள். இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியை வேகத்தின் இருமடியால் பெருக்கிய மதிப்பு என்பதால், வளைகோடுதான் விடை என்பது அவர்கள் எண்ணம். அவர்களிடம் நான் கேட்கும் மறுகேள்வி ஒன்றுதான்: கிடை அச்சில் எதைக் குறித்தாய், காலத்தையா, தொலைவையா?

சுமையோடு சேர்த்து 40 டன் எடையுள்ள ஒரு லாரியை எடுத்துக்கொள்வோம். நின்ற நிலையிலிருந்து அது ஒவ்வொரு விநாடிக்கும் விநாடிக்கு அரை மீட்டர் வீதம் வேகம் கூட்டுவதாகக் கொள்வோம். 10 விநாடி முடிவில் அதன் இயக்க ஆற்றல் 5 லட்சம் ஜூல். 20 விநாடியில் 20 லட்சம், 30 விநாடியில் 45 லட்சம், 40 விநாடியில் 80 லட்சம். முதல் 10 விநாடியில் சேர்ந்த ஆற்றலைப் போல அடுத்தடுத்த 10 விநாடிகளில் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு, ஏழு மடங்கு சேர்கிறது. இது பரவளையம்தான், மாணவர் வரைந்தது சரியே.

இப்போது அதே லாரியின் ஆற்றலைத் தொலைவுக்கு எதிராகக் குறிப்போம். அந்த நான்கு கணங்களில் அது கடந்திருக்கும் தொலைவு முறையே 25, 100, 225, 400 மீட்டர். 25 மீட்டருக்கு 5 லட்சம், 100 மீட்டருக்கு 20 லட்சம், 400 மீட்டருக்கு 80 லட்சம். எங்கு வகுத்துப் பார்த்தாலும் மீட்டருக்கு 20,000 ஜூல்தான். வளைகோடு மறைந்து நேர்கோடு வந்துவிட்டது. லாரி மாறவில்லை, ஆற்றலும் மாறவில்லை; நாம் பார்த்த அச்சு மட்டுமே மாறியது.

இரண்டு கோடுகளின் சாய்வுகளும் பொருள் பொதிந்தவை. தொலைவு வரைபடத்தின் சாய்வு விசை. இங்கே அது 20,000 நியூட்டன், மாறாதது. கால வரைபடத்தின் சாய்வு திறன். அது வேகத்தோடு கூடிக்கொண்டே போகிறது. நம் லாரி 72 கி.மீ. வேகத்தை எட்டும்போது தேவைப்படும் திறன் 400 கிலோவாட், அதாவது 500 குதிரைத்திறனுக்கும் மேல். நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான சரக்கு லாரிகளின் எஞ்சின்களுக்கு அது எட்டாத அளவு. சுமையேற்றிய லாரி தொடக்கத்தில் வேகமெடுப்பதுபோல் பிறகு எடுக்க முடியாமல் திணறுவது இதனால்தான்.

இயங்கும் பொருளின் வலிமையை எப்படி அளப்பது என்பது ஐரோப்பிய அறிஞர்களிடையே நெடுங்காலம் வழக்காக இருந்தது. வேகத்தைக் கொண்டு அளக்க வேண்டும் என்றனர் ஒரு சாரார். வேகத்தின் இருமடியைக் கொண்டே அளக்க வேண்டும் என்றனர் லைப்னிட்ஸ் வழிவந்தோர். 1720-களில் நெதர்லாந்து அறிஞர் ஸ்கிராவெசாண்டே, பித்தளைக் குண்டுகளை வெவ்வேறு உயரங்களிலிருந்து மென்மையான களிமண்மீது விழச் செய்தார். வேகம் இருமடங்கானபோது களிமண்ணில் ஏற்பட்ட பள்ளம் நான்கு மடங்கானது. பிரெஞ்சுப் பெண் அறிஞர் எமிலி தியு சாத்லே இந்தச் சோதனையின் முக்கியத்துவத்தை உணர்ந்து, 1740-இல் வெளியிட்ட தம் இயற்பியல் நூலில் இருமடிக் கொள்கைக்காக வாதிட்டார். அந்தக் களிமண் பள்ளம்தான் இன்று நம் சாலைகளில் நசுங்கிக் கிடக்கும் வாகனங்கள்.

பிரேக் போடுவது முடுக்கத்தின் மறுபக்கம். மாறாத விசையோடு பிரேக் பிடித்தால், ஒவ்வொரு மீட்டரிலும் ஒரே அளவு ஆற்றல் கரைகிறது. நேர்கோடு இப்போது கீழ்நோக்கி இறங்குகிறது. ஒரே மாதிரியான இரு லாரிகள், ஒன்று 40 கி.மீ. வேகத்திலும் மற்றொன்று 50 கி.மீ. வேகத்திலும், ஒரே இடத்தில் ஒரே விசையோடு பிரேக் போடுவதாகக் கொள்வோம். 40 கி.மீ. வேகத்தில் வந்தது முழுமையாக நின்றுவிடும் இடத்தில் மற்றதன் வேகம் என்ன? 10 கி.மீ. என்றே பலரும் சொல்வார்கள். சரியான விடை 30 கி.மீ. ஏனெனில் கழிக்க வேண்டியவை வேகங்கள் அல்ல, அவற்றின் இருமடிகள்: 2,500-இல் 1,600 போனால் மீதி 900; அதன் வர்க்கமூலம் 30.

இது பிரேக்கில் கால் பதிந்த பிறகான கணக்கு. சாலையில் ஒருவர் குறுக்கே வருவதைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை அழுத்த ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அதற்குள் முதல் லாரி 11 மீட்டரும் இரண்டாவது 14 மீட்டரும் கடந்துவிடும். பிரேக் விநாடிக்கு 5 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்குமானால், முதல் லாரி நிற்கும் இடத்தில் இரண்டாவதன் வேகம் ஏறத்தாழ 35 கி.மீ. 40 டன் எடை அந்த வேகத்தில் மோதினால் என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. தேய்ந்த பிரேக்கும், அளவுக்கு மீறிய சுமையும், மழையில் நனைந்த சாலையும் இந்தக் கணக்கை இன்னும் மோசமாக்கும்.

ஓட்டுநர்களை மட்டும் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. துறைமுக வாயிலில் மணிக்கணக்கில் வரிசையில் காத்துக்கிடப்பவர்கள், இழந்த நேரத்தை ஈடுகட்டச் சாலையில் விரைகிறார்கள். அவர்கள் கணக்கு முழுவதும் கால அச்சில் நடக்கிறது. 5 கி.மீ. சாலையை 40-க்குப் பதில் 50-இல் கடந்தால் மிச்சமாவது ஒன்றரை நிமிடம். சாலையைக் கடப்பவரின் உயிரோ தொலைவு அச்சில், சில மீட்டர்களில் தீர்மானமாகிறது.

ஆகவே குடியிருப்புகளை ஒட்டிய சாலைகளில் கனரக வாகனங்களுக்கான வேக வரம்பை 10 கி.மீ. குறைப்பதும், அதைக் கண்காணிப்பதும் வெறும் சம்பிரதாயமல்ல. வாயில்களில் காத்திருப்பைக் குறைப்பதும் சாலைப் பாதுகாப்பு நடவடிக்கையே. இருசக்கர வாகனங்களுக்குத் தனித்தடம் ஒதுக்குவதும் அவசியம். பள்ளிகளில் இந்தப் பாடத்தைத் தேர்வுக்கான வளைகோடாக மட்டும் கற்பிக்காமல், வாசலில் ஓடும் லாரியைக் கொண்டு கற்பிக்கலாம். எட்டு மதிப்பெண்ணை மறந்தாலும், 50-க்கும் 40-க்கும் இடையே உள்ளது 10 அல்ல, 30 என்பதை அந்த மாணவர் மறக்க மாட்டார்.