கடல் கடந்து கற்பார்க்கு ஓர் அறை

இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் இடம் கிடைத்துவிட்டது என்னும் செய்தி யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஒரு வீட்டை எட்டிய நாள் தொடக்கம் அவ்வீட்டில் மூன்று பேச்சுக்களே நிகழும். கல்விக் கட்டணத்துக்குக் காணியை ஈடு வைப்பதா, நகையை வைப்பதா என்பது ஒன்று. விசா கிடைக்குமா என்பது மற்றொன்று. குளிருக்கு என்ன உடுப்பு வாங்குவது என்பது மூன்றாவது. பிள்ளை அங்கே எந்த அறையிற் படுத்தெழும்பும் என்ற பேச்சு, பெரும்பாலும், விமானச் சீட்டு வாங்கிய பின்னரே எழுகின்றது. அதற்குள் நல்ல அறைகள் பல பிறர் கைக்குப் போய்விடும்.

கல்விக் கட்டணத்துக்கு அடுத்தபடி பெரிய செலவு அறை வாடகையே. எனினும், வேறெந்தப் பொருளையும் இவ்வளவு பணங் கொடுத்து ஒருவரும் காணாமல் வாங்குவதில்லை. கைத்தொலைபேசியிற் காணும் நான்கு படங்களை நம்பி, ஐயாயிரம் மைலுக்கு இப்பால் இருந்துகொண்டு, ஓராண்டுக்கு ஒப்பமிடுகின்றான் மாணவன். ஆதலின், வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னர் அவன் கேட்க வேண்டிய கேள்வி வேறொன்று உண்டு. இவ்வறையை விட்டு வெளியேற நேர்ந்தால் என்ன வழி? விசா மறுக்கப்பட்டால், நோயுற்றால், உடனிருப்பவன் ஓடிப்போனால், படிப்பு ஒப்பந்தக் காலத்துக்கு அப்பாலும் நீண்டால், பணம் என்னவாகும்? இதற்கு எழுத்திலே மறுமொழி தராத அறை எத்துணை மலிவாயினும் விலை கூடியதே.

முன்னாளில் இத்தொல்லை வேறு வடிவில் இருந்தது. 1950களில் இலண்டன் சென்ற ஆசிய, ஆபிரிக்க மாணவர்க்குப் பணம் இருந்தும் அறை கிடைப்பது அரிதாயிற்று. நிறமுடையார்க்கு இடமில்லை என்று சன்னலில் அறிவித்தல் தொங்கவிட்ட வீட்டுக்காரிகள் அந்நாளிற் பலர். 1965ஆம் ஆண்டின் இன உறவுச் சட்டம் பொது இடங்களை மட்டுமே தொட்டது. வீட்டு வாடகையிலும் அவ்வேறுபாடு கூடாதென விதித்தது 1968ஆம் ஆண்டுச் சட்டமாகும். அக்காலத்தில் இந்திய வாலிபர் சங்கம் ஃபிற்ஸ்றோய் சதுக்கத்தில் நடத்திய விடுதி போன்றவை பலருக்குப் புகலிடமாயின. இன்று அவ்வறிவித்தல்கள் இல்லை. தடை இப்பொழுது ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துக்களில் இருக்கின்றது.

ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டிலும் மாணவன் சேரும் கல்லூரியே பெரும்பாலும் அவனுக்கு அறையும் தரும். ஏனைய இடங்களில், பல்கலைக்கழகம் தந்த அனுமதிக் கடிதத்தில் அறை அடங்காது. அதற்கு வேறாக விண்ணப்பிக்க வேண்டும். முதலாண்டு மாணவர்க்கு விடுதியில் இடமளிப்பதாகப் பல பல்கலைக்கழகங்கள் உறுதி கூறுவதுண்டு. அவ்வுறுதி, குறித்த தவணைக்குள் விண்ணப்பித்தோர்க்கு மட்டுமே உரியது. முதுமாணிப் படிப்புக்குச் செல்வோருக்கு அதுவும் இல்லாத இடங்கள் உள. இவ்விடுதிகளை விட்டால், தனியார் கம்பனிகள் மாணவர்க்கென்றே கட்டிய மாடி விடுதிகள், நால்வர் ஐவர் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் வீடு, உறவினர் வீடு என மூன்று வழிகள் எஞ்சுகின்றன.

கணக்கிலே ஒரு பொறி உண்டு. ஆங்கிலேயர் மாணவர் அறைக்குக் கிழமை வாடகை பேசுவர். வீட்டுக்கோ மாத வாடகை சொல்வர். கிழமைக்கு 150 பவுண் என்றால் மாதம் 600 என்று எண்ணுவது இங்குள்ளார் வழக்கம். அது பிழை. ஆண்டுக்கு 52 கிழமை. 150ஐ 52ஆற் பெருக்கிப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 650 பவுண் வரும். அன்றியும், எத்தனை கிழமைக்கு ஒப்பந்தம் என்பதைப் பார்க்க வேண்டும். கிழமைக்கு 200 பவுண் வீதம் 42 கிழமைக்குக் கட்டுவது 8,400 பவுண். கிழமைக்கு 180 பவுண் வீதம் 51 கிழமைக்குக் கட்டுவதோ 9,180 பவுண். மலிவு எனத் தோன்றிய அறை 780 பவுண் கூடுதலாக விழுங்கிவிட்டது.

இதனால் 42 கிழமை ஒப்பந்தமே நன்று என்று முடிவு கட்டிவிடவும் ஆகாது. இளமாணி மாணவன் கோடை விடுமுறையில் வீடு திரும்பலாம். ஓராண்டு முதுமாணிப் படிப்புக்குச் சென்றவன் செப்டெம்பர் வரை ஆய்வுரை எழுதிக்கொண்டிருப்பான். செப்டெம்பர் நடுவில் தொடங்கும் 42 கிழமை யூலை முதல் வாரத்தில் முடிந்துபோம். எழுத்து வேலை உச்சத்தில் இருக்கும் வேளையிற் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாதத்துக்கு வேறிடம் தேட வேண்டி வரும். ஆகவே படிப்பு முடியும் தேதியை முதலிற் கேட்டறிந்து, அதன் பின்னரே கிழமைகளை எண்ணத் தொடங்க வேண்டும். மின்சாரம், எரிவாயு, தண்ணீர், இணையம் ஆகியன விடுதி வாடகையிற் பெரும்பாலும் அடங்கும். தனி வீட்டில் அவை பெரும்பாலும் வேறு. மார்கழி, தை மாதங்களில் வெப்பமூட்டும் செலவு, குளிர் அறியாத நாட்டாரைத் திடுக்கிட வைக்கும்.

விசாவுக்கும் அறைக்கும் உள்ள தொடர்பைச் சிலரே அறிவர். ஒன்பது மாதம் வரையிலான வாழ்க்கைச் செலவுக்குரிய பணம் 28 நாள் வங்கியிலே கிடந்ததாகக் காட்ட வேண்டுமென்பது விதி. பல்கலைக்கழகமே ஒழுங்குசெய்த அறைக்குப் பல்கலைக்கழகத்துக்கே முற்பணம் கட்டியிருந்தால், அதனை ஓர் எல்லை வரை அத்தொகையிற் கழித்துக்கொள்ளலாம். தனியார் விடுதிக்கோ வீட்டுக்காரருக்கோ கட்டிய பணத்தை அவ்வாறு கழிக்க இயலாது. ஈட்டுக் காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் குடும்பத்துக்கு இது சிறிய வேறுபாடன்று. தனியார் விடுதியாயின், விசா மறுக்கப்பட்டால் ஒப்பந்தம் நீங்கும் என்ற வாசகம் அதில் உண்டா என்று தேட வேண்டும். உண்டென்றால், மறுப்புக் கடிதத்தை எத்தனை நாளுள் அனுப்ப வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும்.

இனி உறவினர் வீடு. ஈஸ்ற்ஹாமிலும் ஹரோவிலும் ரூட்டிங்கிலும் தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழ்கின்றன. மாமாவோ சித்தியோ அங்கிருக்கும்போது பிறத்தியானுக்கு ஏன் வாடகை கொடுப்பது என்று தாய் கேட்பதில் நியாயம் உண்டு. சோறு கிடைக்கும், நோயென்றாற் பார்க்க ஆளுண்டு, கோயிலுக்குப் போகலாம். முதன் மாதம் அவ்வீட்டில் தங்கி ஊரைப் பழகுவது மிக நன்று. ஓராண்டு தங்குவதாயின் இரண்டு காரியங்களைப் பேசிக்கொள்ள வேண்டும். ஒன்று தூரம். மைல் என்டிலுள்ள குயீன் மேரி பல்கலைக்கழகத்துக்கு ஈஸ்ற்ஹாமிலிருந்து ஒரே நிலக்கீழ்ப் புகையிரதத்தில், இடையில் மாறாமற் போகலாம். ஹரோவிலிருந்து அதே இடத்துக்கு இலண்டனைக் குறுக்கறுத்துச் செல்ல, வீட்டுப் படலையிலிருந்து வகுப்பு வாயில் வரை ஒரு மணித்தியாலமேனும் பிடிக்கும். போக வர இரண்டு; ஐந்து நாளைக்குப் பத்து. பட்டப் படிப்பு மாணவனுக்குத் தவணைக் காலத்தில் விசா அனுமதிக்கும் பகுதிநேர வேலையோ கிழமைக்கு 20 மணித்தியாலமே. அதிற் பாதியளவு நேரம் வண்டியிற் கழிகின்றது என்பதை வாடகையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

மற்றது, சொல்லக் கூச்சமான காரியம். மாமா வாடகை கேட்கமாட்டார். மருமகன் கொடுக்க முனைந்தால் மாமிக்கு மனவருத்தம். ஆனால் ஆறாம் மாதத்தில் தண்ணீர்ச் செலவும் மின்சாரச் செலவும் பேச்சில் வரும். பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச் செல்வதும், கடைக்குப் போவதும், விருந்தினர் வந்தால் அறையை விட்டுக் கூடத்திற் படுப்பதும் மெல்ல மெல்ல வழக்கமாகும். இருவரும் நல்லவராயினும் இது நிகழும். வீட்டுக்காரரோடு ஒரே வீட்டில் இருப்பவனுக்கு ஆங்கிலச் சட்டம் தரும் காப்பும் மிகக் குறைவு. அவனை வெளியேற்ற நியாயமான கால அறிவித்தலே போதும். மாதம் இவ்வளவு, இன்னின்ன நேரம் படிப்புக்கு என்று முதல் நாளே பெற்றோர் பேசி வைப்பது உறவைக் காக்கும்.

நண்பர் சேர்ந்து வீடு எடுப்பதே மலிவு. ஆயினும் எல்லோரும் ஒரே தாளில் ஒப்பமிட்டால், ஒவ்வொருவரும் முழு வாடகைக்கும் பொறுப்பாளி ஆவர். ஐவரில் ஒருவன் காசு கட்டாமற் போனால், மற்ற நால்வரிடமும் அக்காசைக் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமையுண்டு. இங்கிலாந்திற் குடியிருக்கும் ஒருவர் பிணை நிற்க வேண்டுமென்றும் கேட்பர். அங்குள்ள மாமாதான் ஒப்பமிடுவார். தம் மருமகனின் பங்குக்கு மட்டுமே பிணை என்று எழுதுவித்துக்கொள்ளாவிடின், தாம் முகமே கண்டிராத நால்வரின் கடனும் அவர் தலையில் விழக்கூடும். சில பல்கலைக்கழகங்கள் தம் மாணவர்க்குத் தாமே பிணை நிற்பதுண்டு. அதனைக் கேட்டறிவது உறவினரை வருத்தாத வழி.

மாணவனுக்குச் சார்பான சட்டங்களும் உள. இங்கிலாந்திற் சாதாரண வாடகை வீட்டுக்கு வாங்கும் வைப்புப் பணத்தை, 30 நாளுள், அரசு அங்கீகரித்த காப்புத் திட்டமொன்றில் இட்டு, அதன் விபரத்தைக் குடியிருப்பவனுக்குக் கொடுக்க வேண்டும். இக்காப்பு முறை 2007இல் வந்தது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வைப்புப் பணத்தை ஐந்து கிழமை வாடகைக்கு மேற்படாமற் கட்டுப்படுத்தியது. மிகப் பெரிய வாடகைக்கு மட்டும் ஆறு கிழமை. அறையைப் பிடித்து வைக்க வாங்குவது ஒரு கிழமை வாடகையைத் தாண்டக் கூடாது. 2025இல் நிறைவேறிய வாடகையாளர் உரிமைச் சட்டத்தின்படி, 2026 மே முதலாம் தேதியிலிருந்து தனியார் வீட்டில் ஆண்டு ஒப்பந்தம் என்பது இல்லை. குடியிருப்பவர் இரண்டு மாத அறிவித்தல் கொடுத்து நீங்கலாம். புதிய ஒப்பந்தங்களில் ஒரு மாத வாடகைக்கு மேல் முற்பணம் கேட்கவும் இயலாது. கூட்டு ஒப்பந்தத்தில் ஒருவர் கொடுக்கும் அறிவித்தல் எல்லோருடைய குடியிருப்பையும் முடித்துவிடும் என்பதை நண்பர்கள் மறக்கலாகாது. பல்கலைக்கழக விடுதிகளும், உரிய ஒழுக்கக் கோவையில் இணைந்த தனியார் விடுதிகளும் இதில் அடங்கா. அங்கே குறித்த காலம் முழுவதற்கும் வாடகை கட்டியே ஆகவேண்டும். ஸ்கொத்லாந்துக்குச் சட்டம் வேறு.

யாழ்ப்பாணத்தார் சோலைவரி என்பதை ஒத்த கவுன்சில் வரி ஒன்றுண்டு. முழுநேர மாணவர் மட்டும் வாழும் வீட்டுக்கு அது இல்லை. வேலை செய்யும் ஒருவரைக் காசு மிச்சம் பிடிக்கவென்று அறையிற் சேர்த்துக்கொண்டால், அவ்வீட்டுக்கு வரிச் சீட்டு வந்து சேரும்.

மோசக்காரரின் முறை பெரும்பாலும் ஒன்றே. நகரின் நடுவிலே அழகிய அறை, அயலைவிட மிகக் குறைந்த வாடகை, வெளிநாட்டில் இருப்பதாகச் சொல்லும் வீட்டுக்காரர், இன்றே பணம் அனுப்பாவிட்டால் வேறொருவர் எடுத்துவிடுவார் என்ற அவசரம். இந்நான்கும் ஒருங்கே வந்தால் அங்கே அறையே இல்லை என்று கொள்ளலாம். அந்நாட்டில் இருக்கும் ஒருவர் நேரிற் போய்ப் பார்த்துச் சொல்லும் வரை ஒரு சதமும் அனுப்பலாகாது. பார்ப்பதற்கு ஆளில்லாதவன், பல்கலைக்கழகத்தின் வதிவிட அலுவலகம் காட்டும் இடங்களை விட்டு வேறெங்கும் தேடாதிருப்பதே நலம்.

நேரிற் பார்க்கச் செல்பவர் எதைப் பார்ப்பது? முதலிற் சன்னலை. இலண்டனிலே டிசெம்பரில் மாலை 4 மணிக்கு முன்னரே சூரியன் மறைந்துவிடும். நிலவறையில் வாழும் மாணவன் பகலைக் காணாமலே கிழமைகள் கழிப்பான். அவன் சோர்வுக்குப் பாடம் காரணமன்று. அடுத்துச் சுவரின் மூலைகளையும் அலுமாரியின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். அங்கே கரும்புள்ளியாய்ப் பூஞ்சணம் இருந்தால் புதுப் பூச்சுக்கு ஏமாறலாகாது. குளிருக்கு அஞ்சிச் சன்னலைத் திறவாது, அறைக்குள்ளே ஈர உடுப்பை உலர்த்தும் வழக்கமும் பூஞ்சணத்தை வளர்க்கும் என்பதைப் பிள்ளைக்கும் சொல்லிவிட வேண்டும்.

பிறகு சமையலறை. எத்தனை பேருக்கு ஓர் அடுப்பு, குளிர்ப்பெட்டியில் ஒருவனுக்கு எத்தனை தட்டு, புகையை வெளியே இழுக்கும் விசிறி வேலை செய்கின்றதா என்பவை சிறிய கேள்விகள் அல்ல. செத்தல் மிளகாயும் கடுகும் தாளித்த புகை தீ அறிவிப்பு மணியை எழுப்பி, நள்ளிரவில் மாடி முழுவதையும் தெருவுக்கு இறக்கிவிட்ட கதைகள் நம் மாணவரிடை பல. அதன்பின் சமையலுக்கு அஞ்சிப் பாணும் பாற்கட்டியுமாய்க் காலம் கழிப்பவனின் உடம்பை மாசியிற் பார்க்க வேண்டும்.

அறைக்குட் புகும் முதல் நாளில் பொருட்பட்டியல் ஒன்றைக் கையிற் கொடுப்பர். களைப்பினாலே அதனை மேசையில் எறிந்துவிட்டு உறங்குவோர் பலர். கம்பளத்திலுள்ள கறை, மெத்தையின் கிழிசல், கதவின் கீறல் ஆகிய ஒவ்வொன்றையும் அப்பட்டியலிற் குறித்து, தேதி தெரியப் படமும் பிடித்து, ஒரு பிரதியை வீட்டுக்காரருக்கும் ஒரு பிரதியை ஊரிலுள்ள தகப்பனுக்கும் அன்றே அனுப்பிவிட வேண்டும். பெட்டியைத் திறப்பது அதன் பிறகு.